கூப்பிடு தூரத்தின் சராசரி

வத்தல்மலையில் நாற்பது வீடு ஏறி இறங்கி நாங்கள் திரட்டி வந்த தரவில் குறை ஒன்றுதான். அதில் எண்ணே இல்லை.

எம்.எஸ்சி. புவியியல் இறுதியாண்டில் களஆய்வு என்று ஒரு தாள் உண்டு. குழுவுக்கு மூன்று பேர். எங்கள் குழுவுக்குக் கோகிலா தலைவி, ஏனென்றால் அவளுக்கு வேலை தெரியும். அப்சல் தரவு சேகரிப்பவன், ஏனென்றால் அவனிடம் பைக் இருந்தது. நான் அறிக்கை எழுதுபவன், ஏனென்றால் மூன்றாவதாக ஒருவன் இருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. மலைக் கிராமத்து வீடுகளிலிருந்து ரேஷன் கடை, பள்ளிக்கூடம், தண்ணீர்க் குழாய், பஸ் நிற்குமிடம் ஆகியவை எவ்வளவு தூரம் என்று வீடு வீடாகக் கேட்டு, மீட்டரில் எழுதி, சராசரி எடுத்து, அதற்குப் பொருள் சொல்ல வேண்டும். கேட்பதை அப்சலிடம் விட்டோம். அவனும் கேட்டான். சொன்னதைச் சொன்னபடியே எழுதியும் வந்தான்.

கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபில் கோகிலா எக்செல்லைத் திறந்து வைத்துக்கொண்டு, "மொத வீடு. ரேஷன் கடை எவ்வளவு தூரம்?" என்றாள்.

"கூப்பிடு தூரம்" என்று படித்தான் அப்சல்.

"ரெண்டாவது வீடு?"

"கூப்பிடு தூரம்."

"மூணாவது?"

"தா, இங்கதான்."

"அது எத்தன மீட்டர்றா?"

"கையக் காட்டுனாங்க கோகிலா. கைய எப்படி எழுதறது?"

நாற்பதில் முப்பத்திரண்டு வீட்டார் எல்லாக் கேள்விக்கும் 'கூப்பிடு தூரம்' என்றே சொல்லியிருந்தார்கள். மிச்சம் எட்டு வீட்டில் 'தா, இங்கதான்', 'அது இருக்கும்', 'போனா வந்துரும்' என்று பலவகைப் பதில்கள். கோகிலா மனம் தளராமல் எல்லாவற்றையும் ஏற்றிச் சராசரிக்கான பொத்தானை அழுத்தினாள். எக்செல் பிழை என்றது. அப்சல், "இன்னொரு தடவ அழுத்திப் பாரேன்" என்றான். அவளும் அழுத்தினாள். எக்செல் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அப்சலின் முகம் வெளுத்தது. அதற்குக் காரணம் எக்செல் அல்ல, கரீம் மாமா. பென்னாகரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் கரீம் பாயின் மகள் ஹசீனாவுக்கும் அப்சலுக்கும் நிக்காஹ் பேசி முடித்தாயிற்று. தேதி மட்டும் குறிக்கவில்லை. "டிகிரிய முடி, தேதிய வெக்கறேன்" என்று மாமா சொல்லியிருந்தார். போன வருடம் அப்சலுக்கு ஒரு அரியர் விழுந்ததில் ஒருமுறை எல்லாம் தள்ளிப்போனது. இன்னொரு அரியர் விழுந்தால் கிருஷ்ணகிரியில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருப்பதாகவும், அவர் பி.காம்., வாழ்க்கையில் அரியரே வைத்ததில்லை என்றும் கடையில் ஆணி வாங்க வந்தவர்கள் வரை எல்லோருக்கும் தெரியும்.

துறைத்தலைவர் இன்னாசி சாரிடம் போனோம். அவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எண்ணு இல்லன்னா அது புவியியல் இல்ல, பேச்சு" என்றார்.

"கூகுள் மேப்புல பாத்து நாமளே போட்டுக்கலாங்களா சார்?" என்று கேட்டான் அப்சல்.

"மக்கள் என்ன அலகுல சொன்னாங்க? கூப்பிடு தூரம். கூகுள் கூப்பிடுமா?"

"கூப்பிடாதுங்க சார்."

"அலகுன்னு ஒண்ணு இருந்தா அதுக்கு மீட்டர்ல ஒரு மதிப்பு இருந்தே ஆவணும். போயி ஒரு கூப்பிடு தூரம் எத்தன மீட்டர்னு அளந்துட்டு வாங்க. அதால பெருக்குங்க. திங்கக்கெழம வைவா. வெளியிலருந்து மேடம் வராங்க. என்னைக் கைவிட்ராதீங்க."

மறுநாளே மலையேறினோம். முதலில் போனது குள்ளம்மாள் அக்கா வீடு. நாற்பது வயது இருக்கும். சாமை காயவைத்துக்கொண்டிருந்தார். கோகிலா விஷயத்தைச் சொன்னதும், "கூப்படறதுதானே, கூப்பட்டாப் போவுது. யாரக் கூப்படட்டும்?" என்றார்.

"யாரையாவது கூப்பிடுங்க அக்கா."

"சும்மா எப்படிப் பாப்பா கூப்படறது? வந்து நின்னு 'என்னாத்துக்குக் கூப்ட்ட'ன்னு கேட்டா என்ன சொல்றது, மீட்டருக்குன்னா?"

"உங்க வீட்டுக்காரரக் கூப்பிடுங்க. அவரு பேரு?"

குள்ளம்மாள் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பேரச் சொல்லியா கூப்படுவாங்க? நல்லாக் கேட்ட போ." கொஞ்சம் தள்ளிப்போய் நின்று, "ஏங்க!" என்று ஒரு குரல் விட்டார். சுற்றியிருந்த நான்கு வீடுகளிலிருந்து நான்கு ஆண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் அவருடைய கணவர் சென்னப்பன் இல்லை.

இப்படிக் கூப்பிட்டால் தரவு கலந்துபோகும் என்றாள் கோகிலா. ஊரில் யாருக்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டும். பெண்கள் சொல்லக்கூடிய பெயராக இருக்க வேண்டும். கூப்பிட்டால் வேறு யாரும் திரும்பக் கூடாது. கோகிலாவும் நானும் குள்ளம்மாள் அக்காவும் ஒரே நேரத்தில் அப்சலைப் பார்த்தோம். அப்சலும் வேறு யாரோ என்று தன் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் புரிந்துகொண்டான்.

முறை எளிமையானது. வீட்டு வாசலிலிருந்து அப்சல் முதுகைக் காட்டியபடி நடந்துகொண்டே இருப்பான். வீட்டார் அவ்வப்போது அவனைக் கூப்பிடுவார்கள். கேட்டால் கையைத் தூக்குவான். எந்த இடத்துக்கு அப்புறம் கை எழவில்லையோ அதுவே அந்த வீட்டின் கூப்பிடு தூரம். தூரத்தை அவன் போனில் இருந்த ஜி.பி.எஸ். சொல்லும். கோகிலா எழுதுவாள். என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை நான் 'குறிப்பு' என்ற கட்டத்தில் எழுதிவைப்பேன். அந்தக் கட்டத்துக்கு எந்தப் பயனும் இல்லை. எனக்கும் ஒரு வேலை வேண்டும் என்பதற்காகக் கோகிலா போட்டுக் கொடுத்தது.

ஊருக்கே பிடித்துவிட்டது. வெறும் பெயரைச் சொல்லிக் கத்துவது நன்றாயில்லை என்று ஒவ்வொருவரும் ஒரு காரணம் சேர்த்துக்கொண்டார்கள். "அப்சலு, மாட்டப் புடிச்சுக் கட்டுப்பா!" "அப்சலு, காப்பித்தண்ணி வெச்சிருக்கறேன் வா!" "ஏ அப்சலு, வெறகு பொளக்கணும், எங்கடா போற?" மதியத்துக்குள் பள்ளத்துக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேர் கயிற்றோடு ஓடிவந்தார்கள். "பையன் எந்தப் பள்ளத்துல வுழுந்தான்?" என்று கேட்டார்கள். விழவில்லை, ஆராய்ச்சி என்றோம். அவர்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, வந்ததற்கு ஆளுக்கொரு தடவை கூப்பிட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு மாதிரிகள் கூடுதலாகக் கிடைத்தன.

மாலை ஆனபோது குள்ளம்மாள் அக்கா இன்னொரு தடவை கூப்பிடுகிறேன் என்றார். காலையில் கூப்பிட்டது சரியில்லையாம். அப்சல் நடந்தான். காப்பித் தோட்டத்தைத் தாண்டினான். மேட்டைத் தாண்டி மறைந்தான். கொஞ்ச நேரம் கழித்துப் போன் செய்து, "டேய், மலைய விட்டு எறங்கற ரோட்டுக்கே வந்துட்டேன். இன்னும் கேக்குது. நிக்கட்டுமா, போய்க்கிட்டே இருக்கட்டுமா?" என்றான்.

சனிக்கிழமை லேபில் கோகிலா கணக்குப் போட்டாள். இம்முறை எக்செல் முரண்டு பண்ணவில்லை. ஒரு கூப்பிடு தூரத்தின் சராசரி நானூறு மீட்டர். திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்பது, நானூற்றைம்பது மீட்டர்.

"அப்படின்னா?" என்றான் அப்சல்.

"சில வீட்டுல ரேஷன் கடை மைனஸ் அம்பது மீட்டர்ல இருக்கலாம்னு அர்த்தம்."

"மைனஸ்னா?"

"வீட்டுக்குள்ள பூந்து, பின்பக்கச் செவுத்தத் தாண்டி."

இன்னாசி சார் வந்து திரையைப் பார்த்தார். குள்ளம்மாள் அக்காவின் இரண்டு வரிகளில் அவர் விரல் நின்றது. காலையில் நாற்பது மீட்டர். மாலையில் ஆயிரம். "ஒரே அம்மா, ஒரே தொண்ட, ஒரே நாளு. ரெண்டுல ஒண்ணு தப்பு. அதத் தூக்கிட்டீங்கன்னா சிதறல் கொறஞ்சிரும்."

"எதத் தூக்கறதுங்க சார்?"

"எது அசிங்கமா இருக்குதோ அத."

அவர் போனபின் கோகிலா எதையும் தூக்காமல் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் என் 'குறிப்பு' கட்டத்தைத் திறந்தாள். அதைத் திறந்த முதல் ஆள் அவள்தான். குள்ளம்மாள், காலை: 'அப்சலு, இந்த மூட்டைய ஒரு கை தூக்கி வுடு வா.' குள்ளம்மாள், மாலை: 'அப்சலு, களி ஆறுது, கீரை கடைஞ்சிருக்கறேன், வா.'

கோகிலா வேகமாக எல்லா வரிகளையும் இரண்டாகப் பிரித்தாள். சோறு, களி, காப்பி ஒரு பக்கம். மாடு, விறகு, மூட்டை மறுபக்கம். வரைபடம் போட்டாள். மேலே ஒரு கூட்டம் புள்ளிகள், கீழே ஒரு கூட்டம் புள்ளிகள், நடுவில் ஈ காக்காய் இல்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் சராசரி தொள்ளாயிரத்து நாற்பது மீட்டர். வேலைக்குக் கூப்பிட்டால் முப்பத்தைந்து. இரண்டிலும் சிதறல் துளிதான். இவ்வளவு சுத்தமான தரவை எங்கள் துறை கண்டதில்லை.

கோகிலா மெதுவாக நாற்காலியைத் திருப்பினாள். "நாம வத்தல்மலைய அளக்கவே இல்ல. இவன அளந்துட்டு வந்திருக்கோம்."

அப்சலுக்குக் கோபம் வந்துவிட்டது. "அல்லா மேல சத்தியமா வேலைக்குக் கூப்ட்டது காதுலயே வுழல கோகிலா. காத்து எதுத்து அடிச்சுது."

"களிக்கு மட்டும் காத்து திரும்பிக்கிச்சா?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நான் என்ன வானிலை மையமா?"

மறுபடி மலையேற நாள் இல்லை. வேறொரு காது கிடைக்கவும் இல்லை. கிருஷ்ணகிரி மாப்பிள்ளை வேறு கண்முன் வந்து வந்து போனார். எனவே நான் அறிக்கையை எழுதினேன். 'கூப்பிடு தூரம் என்பது கூப்பிடுபவரின் குரலைச் சார்ந்ததன்று. கூப்பிடும் காரணத்தைச் சார்ந்தது. முப்பத்தைந்து மீட்டருக்கு அப்பாலிருந்து வேலைக்காகக் கூப்பிடுவது கூப்பிடாமைக்குச் சமம்.' இது அட்டவணை நான்கு. பின் அதைக்கொண்டே எல்லாத் தூரங்களையும் கணக்கிட்டோம். ரேஷன் கடை சாப்பாட்டுக் காரணம் என்பதால் வீடுகளிலிருந்து தொள்ளாயிரத்து நாற்பது மீட்டர். பள்ளிக்கூடம் வேலைக் காரணம் என்பதால் முப்பத்தைந்து மீட்டர். அந்த ஊரில் ரேஷன் கடையும் பள்ளிக்கூடமும் ஒரே சுவரின் இருபுறத்தில் உள்ளன. எங்கள் அறிக்கையில் அந்தச் சுவரின் கனம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்.

இன்னாசி சார் முழுவதும் படித்தார். "எண்ணு வந்துருச்சில்ல" என்று கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை வந்த தேர்வாளர் பெயர் ராணியம்மாள். மெல்லிய குரல். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அட்டவணை நான்கை நெடுநேரம் பார்த்தார். கோகிலாவையும் என்னையும் முதலில் கூப்பிட்டிருந்தார்கள். அப்சல் வெளியே இருந்தான்.

"நாப்பது வீட்டுலயும் கூப்பிட்டது வேற வேற ஆளு. கேட்டது யாரு?"

"அப்சல்ங்க மேடம்" என்றாள் கோகிலா.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"அப்ப அந்தத் தம்பிதான் அளவுகருவி. தராசு சரியா நிக்குதான்னு பாக்காம எடைய நான் எப்படிம்மா ஒத்துக்கறது? கருவியக் கொண்டுபோயி கிரவுண்டுல நிறுத்துங்க."

அப்சலை மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். போகும் வழியில் கோகிலா அவன் காதில் சொன்னாள். "வேலைக்குக் கூப்பிட்டா திரும்பாத. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா திரும்பு. மாத்திக் கீத்தித் திரும்பிட்டீன்னா டேபிள் நாலு போச்சு. டேபிள் நாலு போச்சுன்னா ஹசீனா போச்சு."

"எனக்குத் தெரியாதா? நீ ஏன் கல்யாணப் பொண்ணு மாதிரி நடுங்கற?" என்று சொல்லிவிட்டு அவன் போய் முதுகைக் காட்டி நின்றான். நாங்கள் வராந்தாவுக்குத் திரும்பினோம். ஜி.பி.எஸ். நூற்றுப்பத்து மீட்டர் காட்டியது. மேடம் பேனாவைத் திறந்தார்.

அந்த நேரத்தில் அலுவலக உதவியாளர் திருமால் அண்ணன் கையில் தாளோடு அறையிலிருந்து வெளியே வந்தார். அவருக்கு ஆராய்ச்சி பற்றி யாரும் சொல்லவில்லை. அடுத்த பெயர் அப்சல். விதிப்படி மூன்று முறை கூப்பிட வேண்டும், வராவிட்டால் ஆப்சென்ட் போட வேண்டும். அவர் வராந்தா ஓரத்தில் நின்று, "அப்சல்! வைவாவுக்கு வாப்பா!" என்று கத்தினார்.

அப்சல் திரும்பவில்லை.

"யோவ் அப்சல்! வைவா! மேடம் காத்திருக்காங்க!"

அவன் கழுத்து ஒரு நூல் அளவு அசைந்தது. பிறகு நின்றுவிட்டது. வைவா என்பது வேலை. திரும்பினால் ஆய்வு பொய். திரும்பாவிட்டால் ஆப்சென்ட். இரண்டுக்கும் பலன் ஒன்றே, கிருஷ்ணகிரி. அவன் தோள்கள் ஏறி இறங்குவதை நாங்கள் வராந்தாவிலிருந்தே பார்த்தோம். கோகிலா வாய் திறக்கப்போனாள். மேடம் கையை உயர்த்தி, "சோதனை நடக்குது, யாரும் பேசக் கூடாது" என்றார்.

"கடைசித் தடவ கூப்படறேன்! அப்சல், வைவாவுக்கு வரியா இல்லியா?"

மைதானத்தில் ஒரு நாய் மட்டும் திரும்பிப் பார்த்தது.

திருமால் அண்ணன் தாளை நீட்டினார். "மூணு தடவ ஆச்சுங்க மேடம். ஆப்சென்ட் போட்டுரலாங்களா?"

இன்னாசி சார் தலையில் கை வைத்தார். "ரூல்னா ரூல்தான், என்ன பண்றது" என்றார் வருத்தத்துடன்.

கோகிலா அறிக்கையைப் பிரித்து மேடம் முன்னால் வைத்தாள். "மேடம், வேலைக்குக் கூப்பிட்டா கூப்பிடு தூரம் முப்பத்தஞ்சு மீட்டர். இங்கேருந்து அவன் நூத்துப்பத்து. அதுக்கு அப்பாலருந்து கூப்பிட்டா கூப்பிடாததுக்குச் சமம்னு எழுதியிருக்கு. அதனால அவன இன்னும் யாருமே கூப்பிடல. கூப்பிடாத ஆளுக்கு எப்படிங்க மேடம் ஆப்சென்ட் போடறது?"

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "டேபிள் தப்புன்னு நான் சொன்னா?"

"தப்புன்னா அவன் திரும்பியிருக்கணும். திரும்பல."

"காது கேட்டும் வேணும்னே நிக்கறார்னா?"

"அதத்தான் மேடம் நாங்க வத்தல்மலைல அளந்ததே."

மேடம் அட்டவணையைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார், மறுபடி அட்டவணையைப் பார்த்தார். "சரிம்மா. ஆனா வைவா வெச்சாத்தான் மார்க்கு போட முடியும். இந்தத் தம்பிய நான் எப்படித்தான் வைவாவுக்குக் கூப்பிடறது?"

திருமால் அண்ணன் விரித்துக் கிடந்த அட்டவணையை எட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "சாப்பாட்டுக்குன்னு கூப்ட்டுப் பாக்கலாங்களா?"

மேடமே எழுந்து வராந்தா ஓரத்துக்கு வந்தார். கத்திப் பழக்கமில்லாத அந்தக் குரலில், வீட்டில் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல, "அப்சல், சாப்பிட வாப்பா" என்றார். எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. அப்சல் சட்டென்று திரும்பினான். திரும்பியதோடு நிற்காமல் ஓடியே வந்தான்.

இப்போது வேறொரு சிக்கல். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டு வைவா நடத்தினால் கூப்பிட்ட காரணம் பொய்யாகும், காரணம் பொய்யானால் சோதனை செல்லாது. இதை எழுப்பியது மேடம்தான். எனவே திருமால் அண்ணன் கேன்டீனுக்கு ஓடி எலுமிச்சைச் சாதம் வாங்கிவந்தார். அப்சல் சாப்பிட்டான். அவன் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தற்செயலாகச் சில கேள்விகள் கேட்டார்.

"திட்ட விலக்கம்னா என்னப்பா?"

"சராசரிலருந்து எவ்வளவு தூரம் செதறியிருக்குதுங்கறதுங்க மேடம்."

"உங்க ஆய்வுல ஏன் அவ்வளவு சிதறல் வந்தது?"

அப்சல் மென்று விழுங்கினான். "ரெண்டு கேள்விக்கான பதில ஒண்ணாப் போட்டுக் கலக்கிட்டோம். பிரிச்சதும் சரியாயிருச்சுங்க."

"குறை என்ன?"

"கேட்டது நான் ஒருத்தன்தான். வேற யாராவது போயிருந்தா வேற மாதிரி வந்திருக்கும்." சற்று யோசித்து, "ஊறுகா இருக்குதுங்களா?" என்றான்.

எழுபத்தொரு மதிப்பெண். கருத்துரைக் கட்டத்தில் மேடம் 'கருவி நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிவிட்டுப் போனார்.

அப்சல் கை கழுவிய ஈரத்தோடு கரீம் மாமாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். பின்னணியில் யாரோ குழாய் அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, பாஸாயிட்டேன்."

"மாஷா அல்லாஹ். டிகிரி கைக்கு எப்ப வரும்?"

அப்சல் எங்களைப் பார்த்தான். "அது பட்டமளிப்பு விழாவுல குடுப்பாங்க மாமா. ஒரு வருசம் ஆவும்."

குழாய் அறுக்கும் சத்தம் நின்றது. "ஒரு வருசமா? அதுவரைக்கும் ஒண்ணுமே தர மாட்டாங்களா?"

"புரொவிஷனல்னு ஒண்ணு தருவாங்க."

"அப்படின்னா?"

கோகிலா போனருகே குனிந்தாள். "இவன் பாஸுன்னு இப்போதைக்கு எழுதிக் குடுக்கறதுங்க. ஒரிஜினல் பின்னாடி வரும். ஆனா எல்லா எடத்துலயும் செல்லும்."

கடையில் ஒருவர் அரை இன்ச் எல்போ கேட்டார். மாமா அவருக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். "சரி, அப்ப நானும் புரொவிஷனலா ஒரு தேதி வெக்கறேன். பக்ரீது முடிஞ்சு வர்ற ரெண்டாவது ஞாயித்துக்கெழம."

"ஒரிஜினல் வந்ததும் மறுபடி தேதி மாறுமா மாமா?"

"மண்டபத்துல எழுதிக்கிட்டாங்கன்னா புரொவிஷனலும் ஒரிஜினலும் ஒண்ணுதான்பா. வை, யாவாரம் கெடுது."

அப்சல் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். இரண்டே நிமிடத்தில் ஹசீனாவிடமிருந்து செய்தி வந்தது. 'அத்தா சொன்னாங்க. புரொவிஷனலுக்கும் புதுத் துணி உண்டா?'

உண்டு என்று அனுப்பினான். அதற்குமட்டும் கோகிலாவைக் கேட்கவில்லை.